கரைக்கும் கறைக்கும் நடுவே ஒரு பேட்டன்ட்

பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகிற ரோட்டில் எங்கள் கடை இருக்கிறது. ஒரே ஷட்டர், நடுவில் பிளைவுட் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ஆதாரம் எழுதுகிறார். இந்தப் பக்கம் நான் ஸ்கேன், பிரிண்ட், போட்டோஸ்டாட் எடுக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கேரளத்தில் ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். ஆதார் அட்டை வேறு. ஆதாரம் எடுங்கள் என்றால் அட்டையை நீட்டுவார்கள். ஆதார் எடுங்கள் என்றால் பழைய பத்திரக் கட்டை அவிழ்த்து, கறையான் தின்ற தூளை என் கீபோர்டில் கொட்டுவார்கள். தினமும் இந்தக் கூத்துதான். இரண்டு மொழிக்கு நடுவில் கடை போட்டால் வார்த்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் எம்.சி.ஏ. படித்தவள். ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். துறைத்தலைவரோடு ஒத்துப்போகவில்லை. எனக்குப் பொதுவாக யாரோடும் ஒத்துப்போவதில்லை, அதில் வெட்கமும் இல்லை. வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். ஆட்களோடு போட்ட சண்டையை அதன் பிறகு ஸ்கேனரோடு போட்டேன்.

ஸ்கேனருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தாளின் கரை எங்கே முடிகிறது என்று அதுவாகவே ஊகித்து, வெளியே இருப்பதை வெட்டி எறிந்துவிடும். புதுத் தாள் என்றால் சரி. எங்களிடம் வருவது புதுத் தாளா? கறையான் தின்றது, எலி கடித்தது, பூச்சி அரித்தது, நாலாக மடித்து மடிப்பிலேயே விட்டுப்போனது. கிழிசலைக் கரை என்று நினைத்து எழுத்தோடு வெட்டும். கறுப்புக் கறையைக் கண்டால் தாள் அதோடு முடிந்தது என்று நினைத்து அங்கேயும் வெட்டும்.

கரை என்று எழுதுகிறேன். விளிம்பு, ஓரம் என்று நல்ல தமிழில் எழுதலாம்தான். எங்கள் வீட்டில் முண்டுக்கும் கரை, குளத்துக்கும் கரை, தோசைக்கும் கரை. முறுகின தோசைக் கரைக்காக என் தங்கையைக் கடித்து வைத்தவள் நான். தாளுக்கு மட்டும் வேறு வார்த்தை தேடிப் போக என்னால் முடியாது.

ஒருநாள் ஆரியங்கோட்டிலிருந்து ஒரு ரப்பர்த் தோட்டக்காரர் வந்தார். ஆதாரத்தைப் புகைப்புரையில் வைத்திருந்தாராம், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கிற கொட்டகையில். புகைக்குக் கறையான் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கறையானுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அது வந்து ஒரு பக்கக் கரை முழுவதையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. அது போதாதென்று மேலே காயப்போட்ட ஷீட்டிலிருந்து சொட்டு விழுந்து, தாளில் அங்கங்கே கறுத்த கறை. எங்கள் பக்கம் ரப்பர்ப் பாலுக்கே கறை என்றுதான் பேர்.

ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மேஜையில் அறைந்தார்.

"எனக்க கெழக்கதிரு எங்க?"

அதிர் என்றால் எல்லை. நாலு பக்க அதிரும் ஆதாரத்தில் எழுதியிருக்கும்.

"பேப்பர்ல என்ன உண்டோ அதான் வந்திருக்கு" என்றேன்.

"பேப்பர்ல நாலதிரும் உண்டு. நீங்க தந்ததுல மூணுதான் உண்டு. கெழக்க கெடக்கவன் ஏற்கெனவே வேலிய ராத்திரியில நடக்க விடுதான். இதையும் பாத்தா வீட்டுக்குள்ள கட்டில் போட்டுருவான். உள்ளதச் சொல்லுங்க, நீங்க அவனுக்க ஆளாக்குமோ?"

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அந்த ஆள் சொன்னது சரி. தாளில் கிழக்கு அதிர் கிழிசல் ஓரத்தில் அரைகுறையாக இருந்தது. ஸ்கேனர் அதை வெட்டியிருந்தது.

கோபத்தில் தாளைத் தலைகீழாக வைத்து இன்னொரு தடவை எடுத்தேன். அதிலும் வெட்டியிருந்தது. தானாக வெட்டுகிற வசதியை நிறுத்திவிட்டு முழுதாக எடுத்து, முதல் படத்தையும் அப்படியே மறுபடி எடுத்து, இரண்டையும் நேராக்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஸ்கேனருக்குள் ஓடுகிற விளக்கு நேராக அடிப்பதில்லை, ஒரு பக்கமாகச் சரிந்து அடிக்கிறது. அதனால் கிழிந்த கரை ஓரமாக மயிரிழை மாதிரி ஒரு நிழல் விழுகிறது. தாளைத் தலைகீழாக வைத்தால் நிழல் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. ரப்பர்க் கறை மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்தது. கறைக்கு ஏது நிழல்?

அவ்வளவுதான் விஷயம். நிழல் இடம் மாறினால் அது கரை. மாறாவிட்டால் கறை. இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்கப் பட்ட பாடு தனி. இரண்டு படமும் ஒரு புள்ளி தவறாமல் பொருந்த வேண்டும், சுருங்கின தாள் எங்கே பொருந்தும்? அந்தச் சண்டையை விவரித்தால் படிக்கிறவர் தூங்கிப்போவார். கடைசியில் சரியானது. கறையான் தின்ற எழுத்தை என்னால் வயிற்றிலிருந்து எடுத்துத் தர முடியாது. மிஞ்சியதில் ஒரு புள்ளிகூட வெட்டாமல் தருவேன். ஆரியங்கோட்டுக்காரருக்கு அவருடைய கிழக்கு கிடைத்தது. நன்றி சொல்லவில்லை. "இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்லா" என்றார்.

பேட்டன்ட் என்ற எண்ணமெல்லாம் எனக்கு அப்போது இல்லை. ஒரு ஸ்கேனர் கம்பெனியின் விற்பனையாள் வந்ததோடுதான் அது ஆரம்பித்தது. அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தான். புது மாடலைப் பற்றிப் பெருமை பேசினான். உன் மாடல் இதைச் செய்யுமா என்று நான் வாயைக் கொடுத்தேன். செய்தும் காட்டினேன். அவன் சாயாவைக் குடித்துக்கொண்டே போனில் வீடியோ எடுத்தான்.

"சூப்பர் மேடம். எங்க ஆர் அண்ட் டி டீம்கிட்ட காட்டுறேன். அடுத்த மாடல்ல வந்துரும்."

அவன் போன பிறகு என் வீட்டுக்காரர் தட்டிக்கு மேலே தலையை நீட்டினார். "எடியே, அவன் குடிச்சிட்டுப் போனது சாயா மட்டும் இல்ல கேட்டியா."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாடலில் வருமாம். யாரிடம் கேட்டு? நான் அந்த ரப்பர்ப் புகை நாற்றத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தது என் பெயரில்தான் இருக்க வேண்டும். பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. என்னுடையதை எவனும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் ஒரு பேட்டன்ட் ஏஜெண்ட் கிடைத்தார். மரியாதையான மனுஷன். அவர் மலையாளத்தில் பேசுவார், ஆங்கிலத்தில் எழுதுவார். நான் வாட்ஸாப்பில் தமிழையும் மலையாளத்தையும் கலந்து ஆங்கில எழுத்தில் அடிப்பேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறோம். டை கட்டினவன் முந்திவிடுவான் என்று நான் அவசரப்படுத்தினேன். ஆரியங்கோட்டு ஆதாரத்தின் ஸ்கேனை மாதிரிக்கு அனுப்பி, கீழே இப்படி அடித்தேன்: சார், இது ஸ்கேன் படத்தில் கர கண்டுபிடிக்கிற வழி. கர போன ஆதாரத்திலும் கர எங்கே என்று சரியாகச் சொல்லும்.

கே, ஏ, ஆர், ஏ. நாலே எழுத்து. கரைக்கும் அதுதான். கறைக்கும் அதுதான்.

அந்த மனுஷன் படத்தைத் திறந்திருக்கிறார். நடுவில் கறுகறுவென்று ரப்பர்ச் சொட்டு. மலையாளத்திலும் அதற்குக் கற என்றுதான் பேர். கறையைக் கண்டுபிடிக்கிற வழி என்று முடிவு செய்துவிட்டார். சரி, கறை போன தாளிலும் கறை எங்கே என்று சொல்லும் என்றால் என்ன அர்த்தம்? துவைத்த சட்டையில் முந்தாநாள் குழம்பைக் கண்டுபிடிக்கிற மிஷினா? ஒரு சந்தேகம்கூட அவருக்கு வரவில்லை. பேட்டன்ட் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கழன்றவர்கள்தான் என்று அவருக்குப் பழகிப்போயிருக்கும்.

எழுதியதை எனக்கு அனுப்பினார். நான் படங்களைப் பார்த்தேன். விளக்கு, நிழல், தாளைத் திருப்புகிற அம்புக்குறி, எல்லாம் நான் வரைந்து கொடுத்தபடியே இருந்தது. ஆங்கிலத்தில் கறை கறை என்று வந்தது. மாதிரித் தாளைப் பற்றி எழுதுகிறார் போல என்று விட்டுவிட்டேன். எழுத்தைப் பார்த்துக்கொள்ளத்தானே அவரை வைத்தது? அப்படியே போய்ச் சேர்ந்தது.

பிறகு நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் விண்ணப்பம் அரசாங்க இணையதளத்தில் வெளியானது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதுவும் சட்டம்தான். படங்களோடு வெளியானதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். வீட்டுக்காரர் அதைப் பிரிண்ட் எடுத்து வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். அந்தப் பெருமைதான் பிறகு கழுத்தைப் பிடித்தது.

அப்புறம் ஆய்வு அறிக்கை வந்தது. அதில் இரண்டு ஆட்சேபம்.

முதலாவது சட்டப் பிரிவு. கணக்கு முறைக்கும் அல்காரிதத்துக்கும் பேட்டன்ட் கிடையாது. கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும், அது 'பெர் சே' என்றால், கிடையாது. வெறும் புரோகிராமாக மட்டும் இருந்தால் கிடையாது என்று அர்த்தம். நான் சத்தமாகப் படித்தேன்.

"ஆரு இந்தப் பெர்சே?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆள் இல்ல. லத்தீன்."

"ஆளில்லாத ஒருத்தன் குறுக்க நிக்கதுக்கா நீ இவ்வளவு விளியெடுக்க?"

"நீங்க வாய மூடிட்டு ஒங்க ஆதாரத்த எழுதுங்க."

பெர்சேயை நான் சமாளித்துவிடுவேன். என்னுடையது வெறும் புரோகிராம் இல்லை. விளக்கு இருக்கிறது, நிழல் இருக்கிறது, தாளை ஒரு கை எடுத்துத் திருப்பி வைக்கிறது. இரண்டாவது ஆட்சேபத்தில்தான் நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஸ்கேன் படத்தில் கறையைக் கண்டுபிடிப்பது புதிது அல்ல என்று எழுதி, நிறத்தை வைத்துக் கறையைக் கண்டுபிடிக்கிற பழைய பேட்டன்ட்களை வரிசையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். கறையா? யார் கறையைக் கேட்டது?

அப்போதுதான் எங்கள் விண்ணப்பத்தின் உரிமைக் கோரிக்கையை ஒழுங்காகப் படித்தேன். கிளெய்ம் என்பார்கள். எதன்மேல் உரிமை கேட்கிறோமோ அந்த வரி. பேட்டன்டின் உயிரே அதுதான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கறை. கரை என்ற வார்த்தை படங்களிலும், படங்களை விளக்குகிற நாலைந்து வரியிலும்தான் இருந்தது. என் கரையைக் கறையான் தின்னவில்லை. ஏஜெண்ட் தின்றிருந்தார்.

போன் போட்டேன்.

"சார், நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க? கறைன்னு ஆரு சொன்னா?"

"மேடம் தன்னே அல்லே அயச்சது? கற எந்நு?"

"நான் கரைன்னு அனுப்பினேன்."

"அதே. கற."

"கற இல்ல வே, கர! தாளுக்க கர!"

"ஓ." அவர் ஊரில் விளிம்புக்கு அரிகு என்று பேர். "பேப்பரினு அரிகு எந்நல்லே பறயா?"

"ஒம்ம ஊர்ல அரிகுன்னு சொல்லும், இல்ல அரிசின்னு சொல்லும். நீரு முண்டு உடுக்கதில்லையா? அதுக்க ஓரத்துல இருக்கதுக்கு என்ன பேரு? பாலராமபுரத்து நெசவுக் கடையில போயி கறை வச்ச முண்டு வேணும்னு கேளும், என்ன தருவாங்கன்னு பாப்போம்."

"மேடம், ஸ்பெல்லிங் ஒண்ணு தன்னே..."

"ஸ்பெல்லிங்கா? டிரெயின்ல போகும்போ போர்டு பாத்ததில்லையா நீரு? நெய்யாற்றின்கரை. இங்கிலீஷ்ல கடைசி நாலு எழுத்து என்ன? அது என்ன, ஆத்துக்க அழுக்கா?"

தட்டிக்கு அந்தப் பக்கம் ஆதாரம் எழுத வந்தவர்கள் கைதட்டினார்கள். அது கைதட்டுகிற நேரமா?

ஏஜெண்ட் நல்லவர், அதைச் சொல்லிவிட வேண்டும். போனை வைக்கவில்லை. நான் மூச்சு வாங்கியதும் விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார். கிளெய்மைத் திருத்தலாம். ஆனால் சுருக்கத்தான் முடியும். அகலமாக்கவும் முடியாது, பக்கத்து இடத்துக்கு நகர்த்தவும் முடியாது. கறை என்று கேட்டுவிட்டுக் கரை என்று மாற்றினால் அது திருத்தம் இல்லை, வேறு நிலம்.

"அப்போ இத வாபஸ் வாங்கிட்டுப் புதுசா போடுவோம்."

"பற்றில்ல மேடம். பப்ளிஷ் ஆயிப்போயி."

முடியாதாம். எங்கள் விண்ணப்பம் வெளியாகிவிட்டது. அதில் என் படங்கள் இருக்கின்றன. கரையும் நிழலும் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. இனி நானே புதிதாகக் கேட்டாலும் இது ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பார்கள். எதற்கு ஆதாரம்? என் படமே ஆதாரம். இந்த விண்ணப்பம் விழுந்தால் எல்லாம் போச்சு, டை கட்டினவன் நாளைக்கே நிம்மதியாக அடுத்த மாடலில் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டியைச் சுற்றி வந்தார். அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். "இதுக்கு ஒரு பிழைதிருத்தாதாரம் எழுதினா போராதா? நான் எழுதித் தாறேன்." பத்திரத்தில் தப்பு வந்தால் அதைத் திருத்த எழுதுகிற பத்திரத்துக்கு இங்கே அதுதான் பேர். ஏஜெண்ட் சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது சரிதான். சர்வே நம்பர்ல ஒரு இலக்கம் மாறினா திருத்தலாம். ஒரு நெலத்த எழுதிக் குடுத்துட்டு, அய்யோ நான் நெனச்சது பக்கத்து நெலமாக்கும்னு வந்து நின்னா நானே வெரட்டி விடுவேன்."

"நீங்க எனக்க பக்கமா, அவனுக பக்கமா?"

"நான் ஆதாரத்துக்க பக்கம்."

அன்றைக்கு மத்தியானம் அந்த மனுஷனுக்கு நான் சோறு எடுத்து வைக்கவில்லை. அவரே எடுத்துச் சாப்பிட்டார், மீன்குழம்பை முழுக்கக் காலி பண்ணினார்.

நேரடி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வீடியோவில்தான். அதற்கு என்ன பேசுவது என்று ஏஜெண்டும் நானும் போனில் மல்லுக்கட்டினோம். அவர் கறையைப் பிடித்துக்கொண்டார், நான் கரையை விடமாட்டேன் என்றேன். ஒருநாள் வெறுத்துப்போய்க் கத்தினேன். "கறைக்குள்ள என்னத்த சார் இருக்கு? கறைக்கு ஒரு நெழல்கூடக் கிடையாது!"

அவர் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அது ஒந்நு கூடிப் பறயாமோ?" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் விளங்கிவிட்டது, விளங்கியது பிடிக்கவும் இல்லை. பழைய பேட்டன்ட்கள் எல்லாம் நிறத்தை வைத்துக் கறையைக் கண்டுபிடிக்கிறவை. கறுப்பாக இருந்தால் கறை, அவ்வளவுதான். ஓட்டையும் கறுப்பு, கிழிசலும் கறுப்பு, அதையெல்லாம் கறை என்றே அவை நினைக்கும். தாளை இரண்டு தடவை வைத்து, நிழல் இடம் மாறாததை மட்டும் கறை என்று சொல்லுகிற வழி அவற்றில் ஒன்றிலும் இல்லை. அது என்னுடையதுதான். படத்தில் இருக்கிறது, விளக்கத்திலும் இருக்கிறது. கிளெய்மை அந்த அளவுக்குச் சுருக்கினால் சட்டத்துக்குள் நிற்கும். விளக்கும் நிழலும் உள்ளே வருவதால் பெர்சேயும் போய்விடுவான்.

கரை மட்டும் வெளியே நிற்கும்.

"கர விடணம் மேடம்" என்றார். இந்தத் தடவை சரியாகத்தான் உச்சரித்தார்.

விசாரணை அன்று மழை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் ஒரு கட்டத்தில் அதிகாரி, ஒரு கட்டத்தில் ஏஜெண்ட், ஒன்றில் நான். தட்டிக்கு அந்தப் பக்கம் ஓடைத் தண்ணீர் யார் நிலத்தில் விழுவது என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எலே, சத்தம் போடாதீங்க" என்று என் வீட்டுக்காரர் அதட்டியது அதிகாரிக்கும் கேட்டிருக்கும். "உள்ள அவ கவர்மென்டுக்கு எதிரா பேசிட்டு இருக்கா."

அதிகாரி ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். இது புரோகிராம்தானே? நான் கறையான் தின்ற ஒரு தாளை எடுத்து, போன் டார்ச்சைச் சரித்து அடித்துக் கேமரா முன்னால் பிடித்தேன். நிழல் விழுந்தது. தாளைத் திருப்பினேன். நிழல் எதிர்ப்பக்கம் போனது. "இந்த நிழல் எந்தப் புரோகிராமுக்குள்ளும் இல்லை, என் கையில் இருக்கிறது" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். திரையைத் தொடுகிற மாதிரி பக்கத்தில் வந்தார்.

"நீங்கள் காட்டுவது கறையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு ஆங்கிலம் எங்கேயோ போய்விட்டது. "இல்ல சார், இது கரை. கறை இந்தா, இங்க கெடக்கு, கறுப்பா. இது ஓடாது. அது ஓடும்" என்று தமிழில் கொட்டினேன்.

அவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். தமிழ்க்காரர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. "கரையா? கறையா?" என்றார், இரண்டையும் தனித்தனியாக, வாத்தியார் மாதிரி. பிறகு ஏஜெண்டின் கட்டத்தைப் பார்த்தார். ஏஜெண்ட் தன் பேனாவைப் பார்த்தார். அதிகாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"அம்மா, நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எனக்குப் புரியுது. ஆனா நீங்க கேட்டதத்தான் நான் பாக்க முடியும். கேட்டது கறை. அதோட நிறுத்திக்கச் சம்மதமா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டிக்கு அந்தப் பக்கம் ஓடைச் சண்டையும் நின்றுபோயிருந்தது, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கரையைக் கண்டுபிடிக்கத்தான் நான் உட்கார்ந்தேன். அந்தக் கரைக்காகத்தான் இத்தனையும். சம்மதம் இல்லை என்றால் இரண்டும் போகும். சம்மதம் என்றால் எனக்கு வேண்டாதது என் பெயரில் வரும், வேண்டியது ரோட்டில் கிடக்கும்.

"சம்மதம்" என்றேன். இன்னொரு வார்த்தையும் வாயில் வந்தது. அதை மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னேன். ஓடைத் தம்பி, "அம்மோ" என்றான்.

எழுத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் விளக்கிக் கொடுத்தோம். பேட்டன்ட் வந்தது. வீட்டுக்காரர் அதைப் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டுத் தட்டியில் மாட்டினார், என் பக்கம் இல்லை, அவர் பக்கம். வருகிறவர்கள் படித்துவிட்டு, "சேச்சி சோப்புப் பொடியா கண்டுபிடிச்சா?" என்று கேட்கிறார்கள். அவர் ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்.

டை கட்டினவனின் கம்பெனி என்ன செய்கிறதோ தெரியாது. எதிர்க்கடைக்காரன் என்ன செய்கிறான் என்று தெரியும். எங்கள் ரோட்டிலேயே ஸ்கேன் கடை வைத்திருக்கிறான். போன மாதம் வெளியே ஒரு போர்டு வைத்தான். கரை கண்டுபிடிக்கிற பகுதிக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம் என்று என் வீட்டுக்காரரே சாயா குடிக்கிற இடத்தில் சொல்லியிருக்கிறார். ஆதாரத்துக்கு எப்போதும் அந்த மனுஷன் விசுவாசம். எதிர்க்கடைக்காரன் இணையதளத்தில் கிடந்த என் விண்ணப்பத்தை எடுத்து, யாரையோ வைத்துப் புரோகிராம் எழுதிக்கொண்டான்.

நான் பார்க்காத மாதிரி இருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவனிடம் போன ஆள் ஒருத்தர் அவன் கொடுத்த படத்தை என்னிடம் கொண்டுவந்து, "இதுல ஒண்ணும் வாசிக்க ஒக்கல்லியே" என்று காட்டினார். பார்த்தேன். ஒரு பக்கமும் அதன் மறுபக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எழுத்து முழுவதும் கொசு அடித்த சுவர் மாதிரி இருந்தது. எழுந்து ரோட்டைத் தாண்டிப் போனேன்.

அவன் என் கண்முன்னாலேயே ஒரு தாளை வைத்து எடுத்தான். பிறகு அதைப் புரட்டி, முதுகுப் பக்கத்தை வைத்தான்.

"எலே, என்னத்த செய்ய நீ?"

"உங்க பேப்பர்ல அப்படித்தான சேச்சி போட்டிருக்கு? ரிவர்ஸ் பண்ணணும்னு."

ஏஜெண்டின் ஆங்கிலம். அங்கேயும்.

"பொரட்டச் சொல்லல்ல. தலகீழா வைக்கச் சொன்னது. இப்பிடி." தாளை அவன் கையிலிருந்து பிடுங்கித் திருப்பி வைத்தேன். எடுத்தான். நிழல் ஓடியது, கரை வந்தது. அவனுக்கு வாயெல்லாம் பல்.

"சேச்சி, கோவிச்சுக்கப்பிடாது. கேஸ் கீஸ் போடுவீங்களா?"

"இதுக்குப் போட முடியாது."

"பின்ன எதுக்குப் போடுவீங்க?"

நான் வெளியே வந்து அவன் போர்டைப் பார்த்தேன். மலையாளத்தில் என்னவோ எழுதி, கீழே தமிழ்ப் பக்கத்து ஆட்களுக்காகப் பெயிண்டில் எழுதியிருந்தான்: கறை போன ஆதாரங்கள் சுத்தமாக ஸ்கேன் செய்து கொடுக்கப்படும்.

"முதல்ல பெயிண்ட் எடுத்துட்டு வா" என்றேன். "அந்த ற-வ அழிச்சுட்டு ர போடு. ற எனக்கதாக்கும்."